வைப்புத்தொகையை எங்கே வைப்பது? வட்டி, மேற்பார்வை, காப்பீடு: ஓர் ஒப்பீடு

பணிக்கொடையாகவோ மனை விற்ற தொகையாகவோ பதினைந்து, இருபது லட்சம் ரூபாய் ஒரே நேரத்தில் கைக்கு வந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஸ்டேட் வங்கியிலேயே போட்டுவிடுவதா, ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தரும் சிறு நிதி வங்கியில் போடுவதா, மேலாளர் முகம் தெரிந்த நகரக் கூட்டுறவு வங்கியில் போடுவதா, அல்லது இவை எல்லாவற்றையும்விட அதிக வட்டி தரும் நிதி நிறுவனத்தில் போடுவதா? சுற்றியிருப்பவர்களிடம் கேட்டால் ஒரு சாரார் வட்டி அட்டவணையை எடுத்து நீட்டுவார்கள். மறு சாரார் அரசு வங்கி என்றால் பயமில்லை என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இரண்டுமே அரைகுறையான பதில்கள். இந்தியாவில் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் அமைப்புகள் அனைத்தும் ஒரே சட்டத்துக்கோ ஒரே மேற்பார்வையாளருக்கோ கட்டுப்பட்டவை அல்ல. ஒரு நிறுவனம் தள்ளாடும்போது அதன் நிர்வாகத்தை யார், எவ்வளவு விரைவாக அகற்ற முடியும் என்பதும், அதுவும் கைகொடுக்காவிட்டால் வைப்புதாரருக்கு யார் எவ்வளவு தருவார்கள் என்பதும், ஒரே கடைத்தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலேயே முற்றிலும் மாறிவிடலாம். கூடுதல் வட்டியின் பெரும்பகுதி அந்த வேறுபாட்டுக்குக் கிடைக்கும் விலை என்பது என் கருத்து. ஆகவே இங்கே வட்டியையும் அதன் பின்னால் நிற்கும் அதிகாரத்தையும் சேர்த்தே எடை போடுகிறேன்.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், உரிமம் தருவதும் கணக்குகளை ஆராய்வதும் யார் என்பது. வங்கித் தொழில் நடத்த 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். ஆனால் அந்தச் சட்டமே எல்லாரையும் ஒரே அளவில் கட்டுவதில்லை. இரண்டாவது, நிர்வாகம் தவறு செய்தால் இயக்குநர் குழுவைக் கலைத்து வேறொருவரை அமர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. பணம் போடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. சிக்கலில் விழுந்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தைப் பத்து நாளில் பார்த்தார்களா, பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்களா என்பதைத் தீர்மானித்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மூன்றாவது, காப்பீடு. நான்காவது, முதிர்வுக்கு முன்பே எடுக்க நேர்ந்தால் இழப்பு எவ்வளவு என்பது. ஐந்தாவது, கிளையில் நியாயம் கிடைக்காதபோது மேலே எங்கே போகலாம் என்பது.

இவற்றில் காப்பீட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டதால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, 1961-இல் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1962 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சமாக உயர்ந்த வரம்பு, ஏறத்தாழ 27 ஆண்டுகள் அசையாமல் நின்று, 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சமாயிற்று. இந்த ஐந்து லட்சம் ஒரு கணக்குக்கு உரியதன்று. ஒரு வங்கியில் ஒரு வைப்புதாரருக்கு உரியது. சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு ஆகிய நான்கும், எந்தக் கிளையில் இருந்தாலும், ஒன்றாகவே கூட்டப்படும். அசலும் அதுவரை சேர்ந்த வட்டியும் சேர்ந்துதான் ஐந்து லட்சம். ஆகவே 4,80,000 ரூபாயை 7.5 சதவீதத்தில் காலாண்டுக் கூட்டு வட்டிக்குப் போட்டவரின் தொகை ஓராண்டில் ஏறத்தாழ 5,17,000 ஆகிவிடும். வரம்புக்கு மேற்பட்ட 17,000 ரூபாய்க்குக் காப்பீடு கிடையாது. அதே வங்கியில் அவருக்குக் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டே தொகை கணக்கிடப்படும்.

2021-இல் செய்யப்பட்ட திருத்தம் முக்கியமானது. அதற்கு முன்பு, வங்கியின் உரிமம் ரத்தாகி அது கலைக்கப்படும் வரை காப்பீட்டுத் தொகைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது, பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை விதித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தொகை வர வேண்டும்: முதல் 45 நாளில் வங்கி பட்டியலைத் தர வேண்டும், அடுத்த 45 நாளில் காப்பீட்டுக் கழகம் சரிபார்த்து வழங்க வேண்டும். வேறொரு வங்கியுடன் இணைக்கும் முயற்சி நடந்தால் இந்தக் கெடு மேலும் 90 நாள் நீளலாம்.

| எங்கே | உரிமம், ஆய்வு | நிர்வாகத்தை மாற்றும் அதிகாரம் | காப்பீடு |
|---|---|---|---|
| பொதுத்துறை வங்கி | ரிசர்வ் வங்கி ஆய்வு | மத்திய அரசு | ஐந்து லட்சம் |
| தனியார் வணிக வங்கி | ரிசர்வ் வங்கி | ரிசர்வ் வங்கி | ஐந்து லட்சம் |
| சிறு நிதி வங்கி | ரிசர்வ் வங்கி | ரிசர்வ் வங்கி | ஐந்து லட்சம் |
| நகரக் கூட்டுறவு வங்கி | ரிசர்வ் வங்கி. பதிவு கூட்டுறவுப் பதிவாளரிடம் | ரிசர்வ் வங்கி, மாநில அரசைக் கலந்து | ஐந்து லட்சம் |
| மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி | உரிமம் ரிசர்வ் வங்கி, ஆய்வு நபார்டு (தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி) | ரிசர்வ் வங்கி, மாநில அரசைக் கலந்து | ஐந்து லட்சம் |
| தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் | கூட்டுறவுப் பதிவாளர் | கூட்டுறவுத் துறை | இல்லை |
| அஞ்சலகம் | மத்திய அரசு | மத்திய அரசு | தேவையில்லை. அரசே பொறுப்பு |
| வங்கி சாரா நிதி நிறுவனம் | ரிசர்வ் வங்கி | ரிசர்வ் வங்கி | இல்லை |
| நிதி லிமிடெட் | கம்பெனி விவகார அமைச்சகம் | தீர்ப்பாயம் வழியாக அமைச்சகம் | இல்லை |

பொதுத்துறை வங்கிகள்

அட்டவணையின் முதல் வரியே பலரை வியக்கவைக்கும். மேற்பார்வை அதிகாரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், வங்கிகளுக்குள் ரிசர்வ் வங்கியின் கை மிகக் குறைவாக நீளும் இடம் பொதுத்துறை வங்கிதான். தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் 1970, 1980-ஆம் ஆண்டுகளின் வங்கி நிறுவனங்கள் கையகப்படுத்தல் சட்டங்களின்கீழும், ஸ்டேட் வங்கி அதற்கெனத் தனியாக இயற்றப்பட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் இயங்குகின்றன. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பல பிரிவுகள் இவற்றைக் கட்டுவதில்லை. 2018-இல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் நீரவ் மோடி தொடர்பான மோசடி வெளிவந்ததை ஒட்டி, அப்போதைய ஆளுநர் உர்ஜித் படேல் இதை வெளிப்படையாகவே பட்டியலிட்டார்: பொதுத்துறை வங்கியின் இயக்குநரையோ தலைமை நிர்வாகியையோ ரிசர்வ் வங்கி நீக்க முடியாது, இயக்குநர் குழுவைக் கலைக்க முடியாது, கட்டாயமாக இணைக்கவோ உரிமத்தை ரத்து செய்யவோ முடியாது. கணக்கை ஆராயலாம், அபராதம் விதிக்கலாம், புதிய கடனுக்கும் விரிவாக்கத்துக்கும் கட்டுப்பாடு போடலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 முதல் 2021 வரை அப்படியொரு உடனடித் திருத்த நடவடிக்கையின்கீழ் இருந்தது. அதற்கு மேல் முடிவெடுப்பது மத்திய அரசின் நிதி அமைச்சகம்.

அப்படியானால் இது பலவீனமான இடமா? வைப்புதாரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. உரிமையாளரே அரசு என்பதால், மூலதனம் குறைந்தபோதெல்லாம் வரிப்பணம் உள்ளே வந்திருக்கிறது. 2017 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மறுமூலதனத் திட்டம் மட்டும் 2.11 லட்சம் கோடி ரூபாய். தேசியமயமாக்கலுக்குப் பிறகு எந்தப் பொதுத்துறை வங்கியிலும் வைப்புதாரர் அசலை இழந்ததில்லை. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு எழுத்துபூர்வமான அரசு உத்தரவாதம் சட்டத்தில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் நடைமுறையில் அது இருப்பது போலவே எல்லா அரசுகளும் நடந்துகொண்டுள்ளன.

மறைமுகச் செலவு வட்டியில் இருக்கிறது. இருபது லட்சத்துக்கு ஒன்றரை சதவீதம் குறைவு என்றால் ஆண்டுக்கு 30,000 ரூபாய். இன்னொன்று, 2020 ஏப்ரலில் பத்து வங்கிகள் நான்காகச் சுருங்கியதுபோல இணைப்புகள் வரும்போது கிளை மூடல், கணக்கு எண் மாற்றம், பாஸ்புக் குழப்பம் ஆகியவை வயதானவர்களைத்தான் அதிகம் அலைக்கழிக்கும். கிராமப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதே வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது தமிழ்நாடு கிராம வங்கி. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019-இல் இணைந்து உருவான இதில் மத்திய அரசுக்கு 50, இந்தியன் வங்கிக்கு 35, மாநில அரசுக்கு 15 சதவீதப் பங்கு உள்ளது.

தனியார் வணிக வங்கிகள்

இங்கே ரிசர்வ் வங்கியின் அதிகாரம் முழுமையானது. தலைமை நிர்வாகியின் நியமனத்துக்கு அதன் ஒப்புதல் வேண்டும், அவரது பதவிக்காலத்துக்கு 15 ஆண்டு வரம்பு உண்டு, தேவைப்பட்டால் ஒரே இரவில் இயக்குநர் குழுவைக் கலைக்கலாம். அதன் பலனை நம் மாநிலத்து உதாரணமே காட்டும். 1926-இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி மீது 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. ஒருவர் எடுக்கக்கூடிய தொகை 25,000 ரூபாய். நவம்பர் 27-ஆம் தேதி அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டு, தடையும் நீங்கிற்று. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கிக்கு 50,000 ரூபாய் வரம்பு. பதின்மூன்றாவது நாள் தடை விலகிவிட்டது. இரண்டிலும் வைப்புதாரருக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை.

ஆனால் அந்த வேகத்துக்கு வேறு சிலர் விலை கொடுத்தார்கள். லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குகள் முழுவதும் பூஜ்ஜியமாக்கப்பட்டன. தலைமுறைகளாக அந்தப் பங்கை வைத்திருந்த கரூர், கொங்குப் பகுதிக் குடும்பங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. யெஸ் வங்கி தன் மூலதனத்தைப் பெருக்க விற்றிருந்த 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. வைப்பைவிட அதிக வட்டி என்று கிளையிலேயே சொல்லி விற்கப்படும் பத்திரம், காப்பீடு, பரஸ்பர நிதி ஆகிய எதுவும் வைப்புத்தொகை ஆகாது. இந்தப் பிரிவின் உண்மையான மறைமுகச் செலவு, நிரந்தர வைப்பைப் புதுப்பிக்கப் போனவர் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுவிட்டு வருவதில்தான் இருக்கிறது. குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். வங்கி முறைமைக்கே இன்றியமையாதவை என்று ரிசர்வ் வங்கி அறிவித்துள்ள மூன்றில் ஸ்டேட் வங்கியோடு எச்டிஎப்சி, ஐசிஐசிஐ ஆகிய தனியார் வங்கிகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஐந்து லட்சத்தைத் தாண்டிய தொகையைத் தனியாரில் வைக்க விரும்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவது நியாயமானது.

சிறு நிதி வங்கிகள்

பெயரைக் கேட்டு இவற்றை நிதி நிறுவனங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவை 2014-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களின்படி உரிமம் பெற்ற முழுமையான வங்கிகள். காப்பீடும், கிளையில் தீராத புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் வசதியும் மற்ற வங்கிகளுக்குள்ளதுபோலவே உண்டு. இவை வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச மூலதன விகிதம், அதாவது கடன்களின் அபாயத்துக்கு எதிராக வைத்திருக்கும் சொந்த மூலதனத்தின் அளவு, 15 சதவீதம். வணிக வங்கிகளுக்கு அது 9 சதவீதமும் அதற்கு மேல் 2.5 சதவீதக் காப்பு இருப்பும். மூலதனத் தேவை கூடுதலாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், கடன் புத்தகத்தில் உள்ள அபாயம். கடன்களில் பாதி 25 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு ஈடில்லாத குழுக் கடன். புயலோ வெள்ளமோ ஊரடங்கோ வந்தால் முதலில் தவணை நிற்பது அங்கேதான்.

ஐந்து லட்சத்துக்குள் நிற்கிற வரை, இங்கே கிடைக்கும் கூடுதல் வட்டியை மறுப்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் ஒரே சிறு நிதி வங்கியில் வைப்பதற்கும் காரணம் தெரியவில்லை. வங்கிக்கு நாலேகால் லட்சம் என்று அசலைப் பிரித்து இரண்டு மூன்று வங்கிகளில் வைத்தால், இரண்டு ஆண்டுக் கூட்டு வட்டியும் வரம்புக்குள் அடங்கும். செலவு என்று சொன்னால், கிளைகள் அருகில் இல்லாமை, பல வங்கிகளின் கணக்குகளைப் பராமரிக்கும் தொல்லை, ஒவ்வொன்றிலும் வரிப் பிடித்தத்தைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டிய நிலை ஆகியவை.

கூட்டுறவு வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும்

இந்தப் பிரிவில்தான் ஒரே பெயருக்குள் மூன்று வேறுபட்ட மேற்பார்வைகள் ஒளிந்திருக்கின்றன. 1966 மார்ச் முதல் வங்கிச் சட்டங்கள் கூட்டுறவு வங்கிகளுக்கும் நீட்டிக்கப்பட்டபோதே இரட்டை ஆட்சி தொடங்கிவிட்டது. வங்கித் தொழில் ரிசர்வ் வங்கியிடம். பதிவு, தேர்தல், நிர்வாகம் ஆகியவை மாநிலக் கூட்டுறவுப் பதிவாளரிடம். யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் நிலை அரை நூற்றாண்டு நீடித்தது.

அதன் விளைவைப் பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி காட்டிற்று. கடன்களில் பெரும்பகுதியை ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்துவிட்டு, அதைப் போலிக் கணக்குகளால் மறைத்து வந்தது 2019 செப்டம்பரில் வெளிப்பட்டது. முதல் உத்தரவில் ஒருவர் ஆறு மாதத்துக்கு எடுக்க அனுமதிக்கப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். பிறகு அது படிப்படியாக உயர்த்தப்பட்டது. அவ்வங்கி யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது 2022 ஜனவரியில், அதாவது 28 மாதம் கழித்து. ஐந்து லட்சம் வரை வைத்திருந்தவர்களுக்கு அப்போது பணம் கிடைத்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதித் தொகை பத்து ஆண்டு வரை தவணையில் என்று திட்டம் வகுக்கப்பட்டது. லட்சுமி விலாஸ் வங்கியின் பத்து நாளையும் இந்த 28 மாதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டின் நிதி ஓட்டைகளும் ஒரே அளவினதல்ல என்பது உண்மைதான். ஆனால் ஓரிடத்தில் கட்டாய இணைப்புக்கான அதிகாரம் கையில் தயாராக இருந்தது, மற்றோரிடத்தில் அதற்கான சட்டத்தையே பின்னர்தான் இயற்ற வேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் 2020-இன் வங்கி ஒழுங்குமுறைத் திருத்தம். நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு 2020 ஜூன் முதலும், மாநில, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கு 2021 ஏப்ரல் முதலும் இது பொருந்துகிறது. இயக்குநர் குழுவைக் கலைக்கவும் இணைப்புத் திட்டம் வகுக்கவும் ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் வந்துவிட்டது. நகரக் கூட்டுறவு வங்கிகள் வைப்புத்தொகை அளவை வைத்து நான்கு அடுக்குகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. நூறு கோடிக்குட்பட்ட முதல் அடுக்குக்கு மூலதன விகிதம் 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம். ஆகவே 2019-ஐ மட்டும் நினைத்துக்கொண்டு எல்லாக் கூட்டுறவு வங்கிகளையும் ஒதுக்குவது இன்றைக்குப் பொருந்தாது. ஆண்டறிக்கையில் நிகர வாராக்கடன் விகிதத்தை, அதாவது இழப்புக்கென்று ஒதுக்கியது போக மிஞ்சும் வாராக்கடனின் பங்கை, பாருங்கள். அது ஆறு சதவீதத்தைத் தாண்டுவதையே வணிக வங்கிகளின் விஷயத்தில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறது.

மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றின் வரவும் செலவும் வங்கிக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளோடு பிணைந்தவை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. விவசாயிக்கு அது நியாயமான ஆறுதலாக இருக்கலாம். ஆனால் கடன் கொடுத்த அமைப்பின் கையிருப்பு, அந்தத் தொகையை அரசு எப்போது ஈடுகட்டுகிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கடைசியாக, கிராமத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். ஊருக்குள் இதைச் சொசைட்டி என்றே சொல்வார்கள். பழைய பலகைகளில் வேளாண்மைக் கூட்டுறவு வங்கி என்றே எழுதியிருந்ததும் உண்டு. நகைக்கடனும் உரமும் அங்கேயே கிடைப்பதால் வைப்பும் அங்கேயே சேர்கிறது. சட்டத்தின் பார்வையில் இது வங்கி கிடையாது; 2020-இன் திருத்தம் இவற்றை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உரிமமோ வைப்புக் காப்பீடோ இல்லை. உறுப்பினராகப் பயிர்க்கடன் பெறுவதற்கும் சிறிய சேமிப்புக்கும் இது பொருத்தமான இடம். ஓய்வுக்காலப் பணத்தை வைக்க ஏற்ற இடமென்று என்னால் சொல்ல முடியாது.

அஞ்சலகம்

பாதுகாப்பை மட்டும் கேட்டால் இதற்கு மேல் ஒன்றுமில்லை. 1873-ஆம் ஆண்டின் அரசு சேமிப்புச் சட்டத்தின்கீழ் இது மத்திய அரசே நேரடியாகப் பெறும் பணம். ஐந்து லட்சம் என்ற வரம்பும் இங்கே எழுவதில்லை. வட்டியை நிதி அமைச்சகம் காலாண்டுதோறும் அறிவிக்கும். கால வைப்பாகப் போட்ட பணத்துக்குப் போட்ட அன்றைய விகிதம் முதிர்வு வரை மாறாது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம்.

செலவு எங்கே என்றால், வெளியேறும் வழியில். கால வைப்பை ஆறு மாதத்துக்கு முன் எடுக்கவே முடியாது. அடுத்த ஆறு மாதத்துக்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஐந்தாண்டு வைப்பை நான்கு ஆண்டு முடியாமல் மூட முடியாது. மூத்த குடிமக்கள் திட்டத்தை ஓராண்டுக்குள் மூடினால் வாங்கிய வட்டியையும் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். மருத்துவ அவசரத்துக்கென்று வைக்கும் தொகையை இங்கே பூட்டிவிடக் கூடாது. அஞ்சலகக் கட்டடத்திலேயே இயங்கும் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வேறு அமைப்பு. அதில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது, அதற்குரிய பாதுகாப்பு சாதாரண வைப்புக் காப்பீடே.

வங்கி சாரா நிதி நிறுவனங்களும் நிதி லிமிடெட்டுகளும்

வைப்பு வாங்க அனுமதி பெற்ற வங்கி சாரா நிதி நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்து, வட்டி அட்டவணையைத் தாண்டி, சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பகுதிக்குப் போங்கள். நிறுவனத்தின் நிதி நிலைமைக்கோ வைப்பைத் திருப்பித் தருவதற்கோ ரிசர்வ் வங்கி பொறுப்பேற்கவில்லை என்ற பொருளில் ஓர் அறிவிப்பு அங்கே இருக்கும். நிறுவனம் விரும்பி எழுதியதல்ல அது; எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றது என்று முகவர் சொல்வதும் உண்மை, இந்த வரியும் உண்மை.

விதிகள் கடுமையானவைதாம். குறைந்தபட்ச முதலீட்டுத் தரக்குறியீடு வேண்டும், வைப்புக் காலம் 12 முதல் 60 மாதம், வட்டிக்கு 12.5 சதவீத உச்சவரம்பு. சென்னையில் வேரூன்றிய பழைய வாகனக் கடன் நிறுவனங்கள் சில, பல பத்தாண்டுகளாகத் தவறாமல் திருப்பித் தந்து பெயர் எடுத்திருக்கின்றன. ஆனால் விழும்போது காப்பீடு என்ற தளமே இல்லை. வீட்டுக் கடன் நிறுவனமான டிஎச்எப்எல்லின் இயக்குநர் குழுவை 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி கலைத்துத் திவால் நடவடிக்கைக்கு அனுப்பியது. அதன் வைப்புதாரர்கள் பலருக்கு முழுத் தொகையும் கிடைக்கவில்லை. தமிழக அரசுக்குச் சொந்தமான மின்விசை நிதி நிறுவனமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அரசு உரிமையாளர் என்பது தெம்பு தரும், ஆனால் அதற்கும் வைப்புக் காப்பீடு இல்லை, அது கடன் தருவதும் பெரும்பாலும் மின்வாரியத்துக்கே. வரியிலும் வேறுபாடு உண்டு: வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் மூலத்திலேயே வரி பிடிப்பார்கள், இந்நிறுவனங்களில் அந்த வரம்பு 10,000 ரூபாய்.

நிதி லிமிடெட் என்பது கம்பெனிச் சட்டத்தின் 406-ஆம் பிரிவின்கீழ் வருவது; மேற்பார்வை கம்பெனி விவகார அமைச்சகத்துடையது. உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்பு வாங்கலாம், வைப்புக்காக விளம்பரம் செய்யக் கூடாது, சொந்த நிதியைப் போல் இருபது மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. இவை காகிதத்தில் நல்ல விதிகளே; ஆனால் அவற்றை நேரில் வந்து சரிபார்க்கும் வங்கி ஆய்வு போன்ற அமைப்பு இல்லை, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடமும் போக முடியாது. உறுப்பினராக்கும் சடங்கைப் பத்து ரூபாய்ப் பங்கொன்றைக் கொடுத்து முடித்துவிட்டு யாரிடமும் வைப்பு வாங்கும் இடங்கள் உண்டு என்பதால், இதை நான் கடைசி வரிசையில்தான் வைப்பேன்.

இவை எதிலும் அடங்காமல் மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று வட்டி சொல்பவர்களை ஒப்பிடவே வேண்டியதில்லை. சட்டப்படியான உச்சவரம்பே ஆண்டுக்கு 12.5 சதவீதம்தான். அங்கே பணம் போய்விட்டால் மிஞ்சும் வழி 1997-இன் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் பொருளாதாரக் குற்றப்பிரிவும். சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டுப் பங்கிடுவதற்கு ஆண்டுகள் ஆகும்.

யாருக்கு எது

தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால், பொதுத்துறை, தனியார், சிறு நிதி வங்கி, நன்றாக நடக்கும் நகரக் கூட்டுறவு வங்கி ஆகிய நான்கும் காப்பீட்டில் சமம். வேறுபடுவது, சிக்கல் வந்தால் எத்தனை மாதம் காத்திருக்க நேரும் என்பது மட்டுமே. மாத வட்டியில் குடும்பம் நடத்துகிறவருக்கு மூன்று மாதத் தடையே பெரிய அடி. அவர் ஒன்றரை சதவீதத்தை விட்டுக்கொடுக்கலாம். சம்பளம் வந்துகொண்டிருக்கும் ஒருவர் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து லட்சத்தில் அது ஆண்டுக்கு 7,500 ரூபாய், 20 சதவீத வரி கட்டுபவருக்குக் கையில் நிற்பது ஏறத்தாழ 6,000.

இருபது லட்சமும் அறுபது வயதும் உள்ளவருக்கு நான் சொல்லும் வரிசை இது: ஐந்தாண்டு தொடத் தேவையில்லாத பங்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு, எந்த நேரமும் எடுக்க வேண்டிய பங்கு அருகிலுள்ள பொதுத்துறை அல்லது பெரிய தனியார் வங்கிக்கு, வட்டிக்காக ஆசைப்படும் பங்கு இரண்டு சிறு நிதி வங்கிகளுக்கு, ஒவ்வொன்றிலும் வரம்புக்குள். ஒரே வங்கியில்தான் வைக்க முடியும் என்கிற குடும்பம் பெயர்களை மாற்றி வைக்கலாம். கணவர் தனியாக, மனைவி தனியாக, கணவர் முதற்பெயராக ஒரு கூட்டுக் கணக்கு, மனைவி முதற்பெயராக மற்றொரு கூட்டுக் கணக்கு என்று நான்கு வைத்தால், நான்குக்கும் தனித்தனியாக ஐந்து லட்சம் காப்பீடு உண்டு. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்பதால், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

சிறிய வங்கி எதில் வைத்தாலும், பெயர், முகவரி, ஆதார் விவரங்கள் அங்கே சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு வங்கியிலும் உங்கள் பெயரில் இயங்கும் கணக்கொன்று இருக்கட்டும். தடை வந்தபின் காப்பீட்டுத் தொகையைப் பெற, விருப்பக் கடிதத்தோடு அந்த மாற்றுக் கணக்கின் எண்ணையும் கேட்பார்கள். குறித்த நாளுக்குள் அதைத் தராதவர்களின் பெயர் முதல் பட்டியலில் இடம்பெறாது.